கணக்குல ஃபெயில்... கெமிஸ்ட்ரியில நோபல்!

கெமிஸ்ட்ரின்னாலே வெறும் மனப்பாடம்தான்னு நினைக்கிறவரா நீங்க? அப்படின்னா, விக்டர் கிரிக்னார்டு உங்க கட்சி. ஆமாம், ப்ளஸ் டூ கரிம வேதியியல்ல மாணவர்களைப் பாடாய்ப்படுத்துற அதே கிரிக்னார்டுதான்!

1871-ல் பிரான்ஸின் துறைமுக நகரமான ஷெர்பூரில் பிறந்தவர். அப்பா, கப்பல்களுக்குப் பாய் தைப்பவர். மகனுக்கோ கணக்கு வாத்தியார் ஆகணும்னு ஆசை. லியோன் பல்கலைக்கழகத்தில் கணிதப் பட்டத் தேர்வு எழுதி, முதல்முறை தோற்றுப்போனார். ராணுவ சேவையை முடித்துவிட்டு வந்து, மறுபடி எழுதித்தான் பாஸானார். பிறகு நண்பர் வற்புறுத்த, அரைமனதோடு கெமிஸ்ட்ரி லேபுக்குள் நுழைந்தார்.

அங்கே பேராசிரியர் ஃபிலிப் பார்பியே, ஒரு கீட்டோன், மெத்தில் அயோடைடு, மெக்னீசியம் மூன்றையும் ஒன்றாகச் சேர்த்து ஆல்கஹால் தயாரித்திருந்தார். ஆனா, ஒருமுறை வந்த ரிசல்ட் அடுத்தமுறை வரலை. அந்தச் சிக்கலை மாணவரிடம் ஒப்படைத்தார். கிரிக்னார்டு, ஈரமே இல்லாத ஈத்தரில் மெக்னீசியச் சேர்மத்தை முதலில் தயாரித்துக்கொண்டு, அதன் பிறகே கீட்டோனைச் சேர்த்தார். 1900-ல் இந்த முறை வெளியானது.

இனி, என்ன கிடைக்கும்னு நீங்களே சொல்லிடலாம். கீட்டோனில் ஆக்ஸிஜனைப் பிடித்திருக்கும் கார்பனுக்கு, இரண்டு பக்கமும் கார்பன் இருக்கும். மெக்னீசியம் கொண்டுவரும் கார்பன், மூன்றாவதாக வந்து ஒட்டிக்கொள்ளும். கடைசியில் நீர்த்த அமிலம் சேர்த்தால், மூவிணைய ஆல்கஹால் ரெடி. நெயில் பாலிஷ் ரிமூவரில் இருக்குமே அசிட்டோன், அதோடு மெத்தில் மெக்னீசியம் புரோமைடு சேர்ந்தால், மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால். கீட்டோனுக்குப் பதில் ஃபார்மால்டிஹைடு என்றால் ஓரிணைய ஆல்கஹால்; மற்ற ஆல்டிஹைடுகள் என்றால் ஈரிணைய ஆல்கஹால். மனப்பாடமே வேண்டாம், கார்பனை எண்ணத் தெரிஞ்சா போதும்!

1912-ல் பால் சபாட்டியேவோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார் கிரிக்னார்டு. வழிகாட்டிய பார்பியேவுக்குப் பரிசு இல்லை. குருவுக்கும் பங்கு கிடைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் கிரிக்னார்டுக்கே இருந்தது. முதல் உலகப்போரில் அவருடைய அறிவு விஷவாயு ஆராய்ச்சிக்கும் பயன்பட்டது. அதையும் மறைக்க முடியாது.

1935-ல் லியோனில் மறைந்தார். கணக்கை விட்டுட்டு வந்ததா நினைச்சாரோ என்னவோ, கெமிஸ்ட்ரிக்குள்ளேயே ஒரு கணக்கை வெச்சுட்டுப் போயிருக்கார். அடுத்தமுறை உங்க பிள்ளை கீட்டோன் வினையை உருப்போட்டா, புத்தகத்தை மூடிட்டு கார்பனை எண்ணச் சொல்லுங்க!