குறைகடத்தியின் முன்னோடி

எங்கள் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் 1972 முதல் மின்னணுச் சில்லுகள் உருவாகின்றன. அவற்றுக்கு உயிர், குறைகடத்தி. அதன் முன்னோடியான ஜகதீஷ் சந்திர போஸைப் பல்கலைக்கழகம் வந்தபின்தான் அறிந்தேன்.

1858-இல் பிறந்த அவரை, ஆங்கிலப் பள்ளியே கௌரவம் என்றிருந்த காலத்தில், தந்தை முதலில் வங்காளப் பள்ளிக்கு அனுப்பினார். தமிழ்ப்பள்ளியில் தொடங்கிய எனக்கு இச்செய்தி இனித்தது! பின்னர் கேம்பிரிட்ஜ் சென்று படித்தார். 1885-இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் பேராசிரியரானார். இந்தியர் என்பதால் சம்பளத்தைக் குறைத்தனர். மூன்றாண்டுகள் அதைத் தொடாமலே பாடம் நடத்தினார். இறுதியில் முழுச் சம்பளமும் நிலுவையோடு கிடைத்தது.

கலீனா என்னும் ஈயத் தாதுப் படிகத்தில் உலோக முனையைப் பொருத்தி வானொலி அலைகளை உணர்ந்தறியும் கருவியைச் செய்தார். காப்புரிமையில் நாட்டமில்லாதவர், நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-இல் அமெரிக்காவில் அதற்குக் காப்புரிமை பெற்றார். 1937-இல் மறைந்தார். பத்தாண்டுகள் கழித்து வந்த முதல் டிரான்சிஸ்டரிலும் உலோக முனைகள் ஒரு படிகத்தைத்தான் தொட்டுக்கொண்டிருந்தன.