காஞ்சித் திக்நாகர்: சொல்லும் பொருளும் ஆராய்ந்த ஆசாரியர்

நெய்யாற்றின்கரைத் தாலுகாவைச் சேர்ந்த பாறசாலையிலும் அதனைச் சூழ்ந்த எல்லைக் கிராமங்களிலும் வாழும் நம் அன்பர் சிலர், சென்ற பௌர்ணமிக் கூட்டத்தின் முடிவில் நம்மிடம் ஒரு வினாவை எழுப்பினர். மேனாட்டுத் தத்துவ அறிஞர்கள் கடந்த நூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கடவுள், உலகம், உயிர் என்னும் பழைய விசாரணைகளைச் சற்றே ஒதுக்கிவைத்து, சொல்லுக்குப் பொருள் எவ்வாறு உண்டாகிறது என்பதைப் பெரிதும் ஆராய்கின்றனர் என்று கேள்விப்படுகிறோமே, அது எவ்வாறு நேர்ந்தது, அதனால் நமக்கு ஆவது என்ன என்பது அவ்வினா. அதற்கு விடையாக மேனாட்டார் ஒருவருடைய சரித்திரத்தை நாம் சொல்லப் போவதில்லை. தமிழ்நாட்டிலே பிறந்து, ஏறக்குறைய ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்விசாரணையைப் பௌத்த தருக்கத்தின் நடுவிலே வைத்த ஒரு பிக்குவின் சரித்திரத்தைச் சொல்லப் போகிறோம். அவர் தின்னாகர் என்றும் திக்நாகர் என்றும் வழங்கப்படும் ஆசாரியர்.

இவ்வினா பாறசாலையில் எழுந்தது நமக்கு வியப்பன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகத்தீசுவரம் என்னும் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளையில் எல்லை விழுந்தது. ஆனால் வீட்டுக்குள் எல்லை விழவில்லை. தாய் ஒரு மொழியிலும் மருமகள் ஒரு மொழியிலும் பேசும் இல்லங்கள் அங்கே பல. குடிக்க வெள்ளம் கொடு என்று ஒருவர் கேட்டால், அவர் வேண்டுவது ஒரு குவளைத் தண்ணீர். அதே சொல்லை நாகர்கோவிலுக்குக் கிழக்கேயிருந்து வந்தவர் கேட்டால் ஊரை அழிக்கும் ஆற்றுப்பெருக்கை நினைப்பார். சம்சாரம் என்பது தமிழில் மனைவி, மலையாளத்தில் பேச்சு. ஒரே ஒலி, இரு பொருள். அப்படியாயின் பொருள் எங்கே இருக்கிறது? ஒலியிலா, பண்டத்திலா, கேட்பவர் மனத்திலா? எல்லையோரத்துப் பிள்ளைகள் ஐந்து வயதிலேயே இவ்வினாவோடு பழகுகின்றனர்.

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று அதன் பாயிரம் சொல்லும். அந்த அதங்கோடு விளவங்கோட்டுப் பக்கத்திலுள்ள தங்கள் ஊரே என்று அப்பகுதியார் பெருமையோடு கூறுவர். சொல்லாராய்ச்சி அங்கே புதிதன்று என்பதற்காக இதைக் குறித்தோம். பௌத்தமும் அங்கே புதிதன்று. விழிஞத்தைத் தலைநகராகக் கொண்ட ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன், ஸ்ரீமூலவாசம் என்னும் பௌத்தப் பள்ளிக்கு நிலம் வழங்கிய செய்தியைப் பாலியம் செப்பேடு நமக்குக் காத்து வைத்திருக்கிறது.

இனி ஆசாரியரின் வரலாற்றுக்கு வருவோம்.

திக்நாகர் காஞ்சிபுரத்துக்கு அருகில் இருந்த சிம்மவக்த்ரம் என்னும் ஊரில் அந்தணர் குலத்தில் பிறந்தார் என்று திபெத்து நாட்டு நூல்கள் கூறுகின்றன. அவர் வாழ்ந்த காலம் ஏறத்தாழ கி.பி. 480 முதல் 540 வரை என்பது இக்கால ஆராய்ச்சியாளர் மதிப்பு. அவருடைய வாழ்க்கையைப் பற்றி நமக்குக் கிடைப்பவற்றுள் பெரும்பகுதி, பதினான்காம் நூற்றாண்டில் புஸ்தோன் என்பவரும், 1608இல் தாரநாதர் என்பவரும் திபெத்து மொழியில் எழுதிய வரலாறுகளிலிருந்தே வருகிறது. அவற்றில் அற்புதங்கள் மலிந்திருக்கும். அற்புதங்களை நாம் அப்படியே நம்ப வேண்டுவதில்லை. ஆயினும் ஒருவரைப் பற்றி என்ன கதை கட்டினார்கள் என்பதும் அவருடைய இயல்பை ஒருவாறு காட்டும்.

இளமையிலேயே வேத சாத்திரங்களைக் கற்ற அவர், நாகதத்தர் என்னும் பிக்குவிடம் துறவு பூண்டார். நாகதத்தர் வாத்சீபுத்திரீயர் என்னும் பிரிவைச் சேர்ந்தவர். பகவான் புத்தர் ஆன்மா இல்லை என்று போதித்திருக்க, அப்பிரிவினர் புத்கலன் என ஒன்றைக் கொண்டனர். அது ஐந்து கந்தங்களும் அன்று, அவற்றுக்கு வேறும் அன்று, இன்னதென்று சொல்ல இயலாதது என்பது அவர்கள் கொள்கை. அதனைத் தியானத்தில் தேடிக் காணுமாறு ஆசிரியர் மாணவரைப் பணித்தார். மாணவர் தேடினார். பகலில் சாளரங்களையெல்லாம் திறந்துவைத்தார். இரவில் நான்கு புறமும் விளக்கேற்றினார். பின்னர் ஆடைகளைக் களைந்து, தம் உடம்பை உள்ளும் புறமும் சோதித்துக்கொண்டு நின்றார். இதைக் கண்ட ஒருவர் ஆசிரியரிடம் சென்று கூற, ஆசிரியர் அழைத்து வினவினார். தாங்கள் சொன்ன பொருளைக் காண முடியவில்லை, ஏதேனும் மறைப்பு இருக்குமோ என்று தேடுகிறேன் என்பதாக மாணவர் விடையிறுத்தார். இது தம் கொள்கையை எள்ளியதாகும் என்று சினந்த ஆசிரியர், அவரை வெளியே அனுப்பிவிட்டார்.

நமக்கு இக்கதை மிகப் பிடித்தமானது. இதில் அற்புதம் ஒன்றும் இல்லை. ஒரு சொல் இருக்கிறது. அதற்குரிய பண்டம் எங்கே என்று கேட்டு விளக்கைக் கொளுத்துகிறார் ஓர் இளைஞர். பிற்காலத்தில் அவர் செய்த வேலையெல்லாம் இந்த விளக்கின் வெளிச்சத்திலேதான் நடந்தது.

காஞ்சியை விட்டு வடக்கே சென்ற திக்நாகர் வசுபந்து ஆசாரியரிடம் கற்றார் என்பர். நாளந்தைக்கு அழைக்கப்பட்டு, அங்கு வந்த சுதுர்ஜயன் முதலிய வாதிகளை வென்றார். ஒட்டர நாட்டில் ஒரு மலைக்குகையில் நெடுங்காலம் தனித்து வாழ்ந்தார். சிறு சிறு நூல்களாகத் தாம் எழுதியவற்றைத் திரட்டி ஒரு பெருநூலாக்க அங்கேதான் எண்ணினார். அதுவே பிரமாணசமுச்சயம்.

அதன் முதற்சுலோகத்தைக் குகையின் பாறையில் எழுதிவிட்டு அவர் பிச்சைக்குச் சென்றார். மாற்றுச் சமயத்தார் ஒருவர் வந்து அதனை அழித்தார். மீண்டும் எழுதினார், மீண்டும் அழிக்கப்பட்டது. மூன்றாம் முறை, விளையாட்டுக்காக அழிப்பதாயின் அழிக்க வேண்டா, வாதம் செய்வதற்காயின் நேரில் வருக என்று சேர்த்து எழுதிவைத்தார். வந்தவர் வாதத்தில் தோற்றார். தோற்ற சினத்தில் வாயினின்று தீயை உமிழ்ந்து ஆசாரியரின் துவராடையையும் பொருள்களையும் எரித்தார். ஒரு மனிதனுக்கே என்னால் நன்மை செய்ய இயலவில்லையே, உலகத்துக்கு எவ்வாறு செய்வேன் என்று மனம் தளர்ந்த திக்நாகர், இது நிலத்தில் விழும்போது என் விரதத்தையும் விட்டுவிடுவேன் என்று கையிலிருந்த எழுதுகோலை மேலே எறிந்தார். அது விழவில்லை. அண்ணாந்து பார்த்தபோது மஞ்சுசிறீ போதிசத்துவர் அதனைக் கையில் ஏந்தி நின்றார் என்பது கதை. எழுதுகோல் விழுந்ததோ இல்லையோ, நூல் முடிந்தது.

பிரமாணசமுச்சயம் ஆறு அதிகாரங்களை உடையது. அறிவுக்கு வாயில்கள் இரண்டே, காட்சியும் அனுமானமும் என்று அது நிறுவுகிறது. காட்சி என்பது பெயர் ஒட்டாத அறிவு. ஒன்றைக் கண்டவுடனே இது இன்னான், இது பசு, இது வெண்மை, இது சமைத்தல், இவன் தண்டு உடையவன் என்று பெயரும் சாதியும் குணமும் தொழிலும் உடைமையும் சேர்த்துவிடுகிறோம். அவையெல்லாம் கண்ணின் வேலையல்ல, மனத்தின் கற்பனை என்றார். வேதவாக்கியம் ஆகமப் பிரமாணம் என்று தனியே ஒன்று நிற்பதாகப் பிறர் சொன்னதை அவர் ஏற்கவில்லை. சொல்லைக் கேட்டுப் பொருளை அறிவதும் புகையைக் கண்டு தீயை அறிவது போன்ற அனுமானமே. சொல் என்பதற்காக அதற்குத் தனி அதிகாரம் கிடையாது. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள தொடர்பு யாரும் செய்யாத, என்றும் உள்ள தொடர்பு என்று மீமாம்சகர் கட்டியிருந்த கோட்டையின் அடிக்கல்லை இக்கொள்கை அசைத்தது. வேதத்தைக் கேட்கவும் உரிமையற்றவர் என்று தள்ளப்பட்டவர்களின் வழியில் வந்த நாம், இந்த இடத்தைச் சற்று நின்று படிக்க வேண்டும்.

ஐந்தாம் அதிகாரம் அபோகம் என்பதைப் பற்றியது. அபோகமாவது விலக்கல். பசு என்னும் சொல் எதைக் குறிக்கிறது? உலகத்துப் பசுக்களை ஒவ்வொன்றாகக் குறிக்குமாயின், எண்ணிறந்த பசுக்களையும் கண்ட பின்னரன்றோ அச்சொல்லைக் கற்க இயலும்! பசுத்தன்மை என்னும் ஒரு பொதுப்பொருளைக் குறிக்கும் என்றனர் நையாயிகர். அதை யார் கண்டார், அது பசுவுக்குள் எங்கே நிற்கிறது, பசு செத்தால் அது எங்கே போகிறது? திக்நாகர் மீண்டும் விளக்கேற்றித் தேடினார், காணவில்லை. ஆகவே, பசு என்னும் சொல் பசுவல்லாதவற்றை விலக்குகிறது, அவ்வளவே அதன் வேலை என்று முடித்தார். தென்னை என்றால் பலாவும் மாவும் விலகும். மரம் என்றால் அவை விலகா, கல்லும் மண்ணும் விலகும். சொல் விரியுந்தோறும் விலக்கு சுருங்கும்.

பாறசாலையில் இதனை நாம் விளக்கியபோது, வெள்ளத்தைக் கொண்டே விளக்கினோம். மலையாளத்தில் வெள்ளம் என்னும் சொல் பாலையும் எண்ணெயையும் விலக்குகிறது. குவளைத் தண்ணீரை விலக்குவதில்லை. தமிழில் அதே சொல் குவளைத் தண்ணீரையும் அமைதியாக ஓடும் ஆற்றையும் விலக்கிவிடுகிறது. ஒலி ஒன்றே, விலக்கும் எல்லைதான் வேறு. எல்லையோரத்தார் இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டனர்.

மேனாட்டில் இவ்வாராய்ச்சி தலையெடுத்தது வெகு பிற்பாடு. ஜெர்மானியக் கணித அறிஞர் பிரேகே, ஒரு பெயர் சுட்டும் பண்டம் வேறு, அது சுட்டும் முறை வேறு என்று 1892இல் ஒரு கட்டுரையில் பிரித்துக் காட்டினார். ரஸ்ஸல் 1905இல், இல்லாத ஒன்றைப் பற்றிய வாக்கியத்துக்கு எவ்வாறு பொருள் உண்டாகிறது என்று ஆராய்ந்தார். விட்கென்ஸ்டைன் 1921இல் வெளிவந்த நூலில் சொல்லக்கூடியதன் எல்லையை வரையறுக்க முயன்று, பின்னர் அக்கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டு, பொருளைச் சொல்லின் வழக்கிலே தேடலானார்; அந்த இரண்டாம் நூல் அவர் மறைந்து இரண்டாண்டு கழித்து 1953இல் வெளிவந்தது. திக்நாகருக்கு மிக அணுக்கமாக வந்தவர் ஜெனிவா நகரத்து சொசூர். அவர் மாணவர் 1916இல் அச்சிட்ட பாடங்களில், சொற்கள் ஒன்றினின்று ஒன்று வேறுபடுவதனாலேயே மதிப்புப் பெறுகின்றன என்னும் கருத்தைக் காண்கிறோம். சொசூர் வடமொழி கற்பித்த ஆசிரியரும் ஆவார். ஆனால் அதைக் கொண்டு அவர் நம்மிடமிருந்து எடுத்துக்கொண்டார் என்று பறைசாற்றுவது நேர்மையன்று. ஒரே வினாவை நேர்மையாகக் கேட்டவர்கள் அருகருகே வந்து சேர்ந்தனர் என்பதே போதும்.

திக்நாகரும் தனியே முளைத்தவரல்லர். இலக்கணியாகிய பர்த்ருஹரியை அவர் ஆழ்ந்து கற்றவர். அவருடைய சுலோகங்களைச் சிறிது மாற்றி ஒரு நூலே அமைத்திருக்கிறார். மாற்றாரிடமிருந்து கற்பதில் அவருக்கு நாணமில்லை.

அபோகத்துக்குத் தடைகளும் எழுந்தன. பசுவல்லாததை அறியப் பசுவை முன்னரே அறிந்திருக்க வேண்டுமே, இது சுற்றிச் சுற்றி வரும் வாதமல்லவா என்று உத்தியோதகரரும் குமாரிலரும் கேட்டனர். இத்தடை எளிதன்று. திக்நாகர் நூலில் இதற்கு முழு விடை இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. அவருக்குப் பின் வந்த தருமகீர்த்தி, ஒரே பயனைத் தரும் பண்டங்களை மனம் ஒன்றுசேர்த்து மற்றவற்றை விலக்குகிறது என்று காட்டி அதனைப் பலப்படுத்தினார்.

இதில் சாதி என்னும் சொல்லைக் கவனிக்க வேண்டும். தருக்க நூலில் சாதி என்பது பசுத்தன்மை போன்ற பொதுத்தன்மை. அந்தணத்தன்மையும் அவ்வாறே மெய்யான ஒரு பொதுத்தன்மை என்று குமாரிலர் வாதித்தார். திக்நாகர் சாதி வழக்கைத் தீர்ப்பதற்காக அபோகத்தை எழுதினார் என்று நாம் சொல்லவில்லை. பசுத்தன்மைக்கே இடமில்லாத வீட்டில் அந்தணத்தன்மை எங்கே தங்கும் என்பதை மட்டும் கேட்கிறோம். தருமகீர்த்தியோ வெளிப்படையாகவே, மந்தபுத்தியின் ஐந்து அடையாளங்களுள் சாதிச் செருக்கையும் ஒன்றாக எண்ணினார். சாதிப்பெயர்கள் எதைக் குறிக்கின்றன என்று தேடினால் உடம்பில் ஒன்றும் அகப்படாது. கிணற்றங்கரையிலிருந்தும் கோயில் வாயிலிலிருந்தும் யாரை விலக்க வேண்டும் என்பது மட்டுமே அகப்படும்.

நெய்யாற்றின்கரைக்கு அருகே, நெய்யாற்றின் கரையிலுள்ள அருவிப்புரத்தில், 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று நாராயண குரு ஆற்றிலிருந்து ஒரு கல்லை எடுத்து நிறுவினார். நிறுவ உரிமையில்லை என்று ஒதுக்கப்பட்ட குலத்தவர் அவர். 1914இல் சாதியைப் பற்றி அவர் இயற்றிய செய்யுளில், பசுக்களுக்குப் பசுத்தன்மை எப்படியோ அப்படியே மனிதருக்கு மனிதத்தன்மை ஒன்றே சாதி என்னும் கருத்தை நாட்டினார். தருக்க நூலார் கையாண்ட அதே பசு, நெய்யாற்றங்கரைக்கு வந்து சேர்ந்ததைக் காண்க. குரு பௌத்தரல்லர், வேதாந்தி. அந்த மனிதத்தன்மைதான் மெய்யாக எங்கே இருக்கிறது என்று திக்நாகர் அவரோடும் வாதம் தொடுத்திருப்பார். ஆனால் ஒரே திண்ணையில் அமர்ந்து தொடுத்திருப்பார்.

ஆசாரியர் தம் இறுதிக் காலத்தை ஒட்டர நாட்டுக் காட்டிலே கழித்தார் என்பர். அவருடைய பெருநூலின் வடமொழி மூலம் இந்நாட்டில் மறைந்தொழிந்தது. திபெத்து மொழிபெயர்ப்புகள் இரண்டு அதனைக் காத்தன. பின்னர் ஜினேந்திரபுத்தி எழுதிய வடமொழி உரையின் ஏட்டுச்சுவடி திபெத்திலே கிடைக்க, அதன் துணைகொண்டு 2005இல் முதல் அதிகாரமும், 2015இல் அபோக அதிகாரத்தின் மொழிபெயர்ப்பும் ஆராய்ச்சியும் வெளிவந்தன.

தமிழில் அத்தருக்க மரபை அறிய விரும்புவோர்க்கு மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதை இருக்கிறது. காஞ்சியிலே அறவண அடிகள் மணிமேகலைக்குக் காட்சி, அனுமானம் என்னும் இரு பிரமாணங்களையும் அவற்றின் போலிகளையும் உரைக்கும் பகுதி அது. கதைச்சுவை தேடுவோர் அதனைத் தாண்டிச் செல்வது வழக்கம். அடுத்த பௌர்ணமியன்று பாறசாலை அன்பர்கள் அதனை வரி வரியாகப் படிக்க விரும்புகின்றனர். இரு மொழியும் தெரிந்தவர் ஒருவர் பொருள் சொல்ல இசைந்துள்ளார்.