விலை போகாத பங்களாவை வாங்கிய கர்னல்!

பெசன்ட் நகர் கடற்கரையோரம் ஊரூர் ஆல்காட் குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம் உண்டு. பஸ்சில் போகிறவர்களுக்குப் பெயர் பழக்கம்தான். ஆனால் ஆல்காட் மீனவரும் அல்ல, தமிழரும் அல்ல. நெஞ்சைத் தொடும் தாடி வைத்த அமெரிக்கக் கர்னல்! அடையாறில் வாங்க ஆளில்லாமல் கிடந்த ஒரு பங்களாவை வாங்கி, 24 வருஷம் அதையே தன் வீடாக வைத்திருந்து, அங்கேயே கண்ணை மூடியவர்.

துப்புத் துலக்கியவர்

ஹென்றி ஸ்டீல் ஆல்காட் 1832-ல் நியூஜெர்சியில் பிறந்தார். விவசாயத்தில் கெட்டிக்காரர், பத்திரிகையிலும் எழுதினார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது ராணுவத்தில் நடந்த மோசடிகளைக் கண்டுபிடிக்கும் வேலை அவருக்கு. 1865-ல் ஜனாதிபதி லிங்கன் கொலையை விசாரித்த குழுவிலும் இருந்தார். பிறகு வக்கீல் ஆனார்.

1874-ல் ஒரு பண்ணை வீட்டில் ஆவி வருகிறது என்று பேச்சு. பத்திரிகைக்கு எழுதப் போன இடத்தில் ரஷ்யப் பெண்மணி பிளாவட்ஸ்கி அம்மையாரைச் சந்தித்தார். மறுவருஷமே நண்பர்களோடு சேர்ந்து இருவரும் நியூயார்க்கில் பிரம்மஞான சபையைத் தொடங்கினார்கள். 1879-ல் பம்பாயில் வந்து இறங்கினார்கள்.

செங்கல் விலைக்கு மாளிகை

1882-ல் சென்னை நண்பர்கள் அடையாற்றங்கரையில் ஒரு தோட்ட பங்களாவைக் காட்டினார்கள். ஹட்டில்ஸ்டன் என்ற வெள்ளைக்காரர் பெயரில் இருந்த தோட்டம். சுமார் 27 ஏக்கர். அப்போது அடையாறு ஊருக்கு வெளியே இருந்த இடம்.

விலை சுமார் 600 பவுண்டுதான்! ஏன் இவ்வளவு மலிவு? நீலகிரி அடிவாரம் வரை ரயில் போய்விட்டது. பெரிய துரைமார்கள் பாதி வருஷம் ஊட்டியில் தங்கினார்கள். சென்னையில் அவர்கள் பங்களாக்களைக் கேட்பாரில்லை. இடித்து மரமும் செங்கல்லும் விற்றால் என்ன வருமோ, அதுதான் விலை.

அந்தப் பணமும் கர்னல் கையில் இல்லை. ஐயலு நாயுடு ஒரு பகுதி கொடுத்தார். மீதிக்கு முத்துசாமி செட்டியார் சுலப வட்டியில் கடன் ஏற்பாடு செய்தார். 1882 டிசம்பரில் குடி புகுந்தார்கள்.

வீட்டுக்குள் புயல்

இரண்டு வருஷத்துக்குள் பெரிய ரகளை. அந்த வீட்டிலேயே வேலை பார்த்த கூலோம் தம்பதி வெளியேற்றப்பட்டார்கள். அம்மையாரின் அற்புதங்கள் எல்லாம் பித்தலாட்டம் என்று சொல்லி, கடிதங்களைப் பாதிரிமார் பத்திரிகையிடம் கொடுத்துவிட்டார்கள். லண்டனில் இருந்து விசாரிக்க வந்தவரும் மோசடி என்றே எழுதினார். அம்மையார் மறுத்தார். 1885-ல் கப்பலேறியவர் திரும்பவே இல்லை.

மோசடிகளைப் பிடித்த மனிதரின் வீட்டின் மீதே மோசடிப் பழி! ஆனாலும் ஆல்காட் வீட்டை விட்டு ஓடவில்லை. 1886-ல் அங்கே நூல்நிலையம் திறந்து ஓலைச்சுவடிகளைச் சேர்த்தார்.

சேரிப் பிள்ளைகளுக்குப் பள்ளி

1894-ல் அவர் செய்ததுதான் பெரிய காரியம். மற்றப் பள்ளிக்கூடங்கள் உள்ளே விடாத பஞ்சமர் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கினார். அடுத்தடுத்து இன்னும் சில பள்ளிகள் வந்தன. 1898-ல் அயோத்திதாசப் பண்டிதர் அவரைச் சந்தித்தார். பண்டிதர் இலங்கை சென்று பௌத்தம் தழுவ ஆல்காட் துணை நின்றார். சென்னை திரும்பிய பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார்.

1906-ல் கப்பல் பயணத்தில் கீழே விழுந்து அடிபட்ட கர்னல், 1907 பிப்ரவரி 17-ந் தேதி அடையாறு வீட்டில் காலமானார். உடலின் மீது அமெரிக்கக் கொடியும் பௌத்தக் கொடியும் போர்த்தி, அந்தத் தோட்டத்திலேயே தகனம் செய்தார்கள்.

இன்றைய நிலை

அடுத்துத் தலைவரான அன்னிபெசன்ட் அம்மையார் காலத்தில் சுற்றியிருந்த தோட்டங்களும் சேர்ந்தன. 27 ஏக்கர் இன்று சுமார் 260 ஏக்கர். அங்குள்ள பெயர் பெற்ற ஆலமரத்தின் தாய்மரம் 1989-ல் புயல் காற்றில் சாய்ந்தது, விழுதுகள் நிற்கின்றன. கர்னலின் பள்ளி அவர் பெயரிலேயே பெசன்ட் நகரில் நடக்கிறது.

திரு.வி.க. பாலம் தாண்டி அடையாறுக்குள் நுழையும்போது இடது பக்கம் தெரியும் மரக்கூட்டம்தான் அந்தத் தோட்டம். இரண்டு பக்கமும் மனைக்குத் தீப்பிடித்த விலை சொல்லும் இடம். ஒரு காலத்தில் சும்மா கொடுத்தாலும் யோசித்த இடம்!