விடத்தலைக்குப் பின்னால் ஒரு பெயர்

ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி சைக்கிள் மிதித்து நம் கல்லூரிக்கு வந்த கூட்டத்தில் நானும் ஒருவன். 1974-77, பி.எஸ்சி. தாவரவியல். மஞ்சரி என்றாலே அப்போது எங்களுக்குக் கிலி. ரசீமோஸா, சைமோஸா, சயாத்தியமா என்று ஸ்பாட்டர் மேஜை முன்னால் முழித்தது எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ!

ஒரு தடவை விராலிமலைப் பக்கம் ஃபீல்டு டிரிப் போனோம். முள் புதர் ஒன்றில் பூங்கொத்து தொங்கிக்கொண்டிருந்தது. மேல் பாதி இளஞ்சிவப்பு, கீழ்ப் பாதி மஞ்சள். இரண்டு செடி பின்னிக் கிடக்கிறது என்று ரெக்கார்டில் எழுதி நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். அது விடத்தலை. இருப்பது ஒரே கதிர் மஞ்சரிதான். சிவப்புப் பகுதி மலட்டுப் பூக்கள். காய் பிடிப்பது மஞ்சள் பகுதி. டைக்ரோஸ்டாக்கிஸ் என்ற பெயருக்கே இருநிறக் கதிர் என்றுதான் அர்த்தம். அந்தப் பெயரின் வாலில் 'வைட், ஆர்ன்.' என்று இருக்கும். நம் காவிரிக்கரை நீர்மருதுக்கும் அதே வால். பரீட்சைக்கு மனப்பாடம் செய்தோமே தவிர, யார் இந்த வைட் என்று யாரும் கேட்கவில்லை. நான் கேட்டதே ரிட்டயர் ஆன பிறகுதான்.

ராபர்ட் வைட் 1796-ல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். எடின்பரோவில் வைத்தியம் படித்து, 1819-ல் கம்பெனியின் உதவி சர்ஜனாக இங்கே வந்தார். 1826-ல் சென்னை அரசின் இயற்கையியலாளர் ஆனார். இரண்டே வருஷம், 1828-ல் கவர்னர் லஷிங்டன் அந்தப் பதவியையே ஒழித்துவிட்டார். மனுஷன் நாகப்பட்டினத்துக்கு மறுபடி டாக்டராகப் போனார். ஆனால் செடி சேர்ப்பதை விடவில்லை. 1831-ல் லீவில் ஊர் போனபோது கூடவே போனவை சுமார் ஒரு லட்சம் உலர்தாவரங்கள், எடை இரண்டு டன்! அவற்றை வைத்து வாக்கர்-ஆர்னாட்டுடன் சேர்ந்து 1834-ல் வெளியிட்ட நூலில்தான் விடத்தலை தனிப் பேரினமாயிற்று.

ஹெர்பேரியம் தாளில் ஒட்டிய விடத்தலையைப் பார்த்திருப்பீர்கள். சிவப்பும் மஞ்சளும் போய் ஒரே பழுப்பு. கதிர் தொங்கியதா, நிமிர்ந்திருந்ததா என்பதும் தெரியாது. வளரியல்பும் மஞ்சரியும் படத்தில்தான் உயிரோடு நிற்கும். வைட்டுக்கு அதைச் செய்து தந்தவர்கள் முதலில் ரங்கையா, பிறகு கோவிந்து என்ற இரண்டு தெலுங்கு ஓவியர்கள். வைட் தானே கல்லச்சுக் கலையைக் கற்று, 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளில் 2101 படங்களைச் சென்னையில் வெளியிட்டார். படங்களில் ஓவியர் பெயரையும் போட்டார். ஓர் ஆர்க்கிடுக்குக் கோவிந்தூயா என்று பெயர் வைத்தார். (அது இப்போது டிரோபிடியாவில் சேர்ந்துவிட்டது, பாவம்.) வைட்டின் பெயராவது பாதியாக நம் நோட்டில் வந்தது. இந்த இருவர் பெயர் எந்த வகுப்பிலும் என் காதில் விழவில்லை. எடின்பரோவின் நோல்டி 2007-ல் இவர்கள் பெயரையும் தலைப்பிலேயே வைத்து மூன்று தொகுதி கொண்டுவந்தார்.

வைட்டின் உத்தியோகம் என்னவோ பருத்திதான். 1842 முதல் கோயமுத்தூரில் அமெரிக்கப் பருத்தியோடு மல்லுக்கட்டினார், எதிர்பார்த்தது கைகூடவில்லை. 1853-ல் ஊர் திரும்பி, ரெடிங் அருகே நிலபுலத்தைப் பார்த்துக்கொண்டு, 1872 மே 26-ல் காலமானார்.

போன வருஷம் மறுபடி விராலிமலைப் பக்கம் போனேன். பேரன் செல்போனில் படம் எடுத்தான். நான் பென்சிலால் வரைந்து பார்த்தேன். பூ வந்தது, கதிர் தொங்குகிற அந்த வளைவு மட்டும் மூன்று தடவை அழித்தும் வரவில்லை.