ஐந்து வயதில் கேட்ட பாட்டு: ருஷிய இசை மேதை சைக்கோவ்ஸ்கியின் வாழ்க்கை

ருஷியா உலகுக்குத் தந்த இசை மேதைகளில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுகிறவர் பீட்டர் இலியிச் சைக்கோவ்ஸ்கி.

"அன்ன ஏரி", "தூங்கும் அழகி" போன்ற புகழ்பெற்ற நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்தவர் இவர்தான். இவர் மறைந்து 130 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஆனாலும் உலகின் பெரிய நகரங்களில் எல்லாம் இவருடைய இசை இன்றும் ஒலிக்கிறது.

சைக்கோவ்ஸ்கியின் இசை கடல் கொந்தளிப்பது போல இருக்கும். துக்கம் என்றால் நெஞ்சைப் பிழியும் துக்கம். மகிழ்ச்சி என்றால் கரை புரளும் மகிழ்ச்சி.

ஆனால், அவர் ஆசையோடு கேட்ட இசை எது தெரியுமா? அமைதியும் தெளிவும் நிறைந்த மொஸார்ட்டின் இசை!

மொஸார்ட் ஆஸ்திரியா நாட்டின் இசை மேதை. 1791-ம் ஆண்டிலேயே இறந்து போனவர். அதாவது, சைக்கோவ்ஸ்கி பிறப்பதற்கு 49 ஆண்டுகளுக்கு முன்பே!

எங்கோ பிறந்து, என்றோ மறைந்த ஒருவரின் இசை மீது இந்த ருஷியருக்கு ஏன் இத்தனை பற்று? அதற்கு விடை, அவருடைய பிள்ளைப் பிராயத்தில் இருக்கிறது.

இரும்பு ஆலை அதிகாரியின் மகன்

ருஷியாவில் யூரல் மலைப் பக்கத்தில் வோட்கின்ஸ்க் என்று ஓர் ஊர். அங்கே பெரிய இரும்பு ஆலை ஒன்று இருந்தது. ஆலையின் தலைமை அதிகாரி இலியா. அவருடைய மனைவி அலெக்ஸாண்ட்ரா. இவர்களுடைய இரண்டாவது மகனாக, 1840-ம் ஆண்டு மே 7-ந் தேதி பீட்டர் பிறந்தான்.

தலைநகரம் எங்கோ தொலைவில் இருந்தது. நாடகக் கொட்டகை, கச்சேரி மண்டபம் எதுவும் பக்கத்தில் கிடையாது. அப்போது கிராமபோன் பிறக்கவில்லை. வானொலியும் இல்லை.

ஆனால் ஆலை அதிகாரியின் வீட்டில் ஓர் அதிசயப் பொருள் இருந்தது. தலைநகரமான செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்து அவர் வாங்கி வந்த பொருள். அதற்கு "ஆர்கெஸ்ட்ரியன்" என்று பெயர்.

அது ஒரு பெரிய மரப்பெட்டி. உள்ளே பல குழாய்களும் ஓர் உருளையும் இருக்கும். உருளையின் மேல் சின்னச் சின்ன ஆணிகள். உருளை சுழலும்போது அந்த ஆணிகள் குழாய்களை ஒவ்வொன்றாகத் திறந்துவிடும். காற்றுப் புகுந்து குழாய்கள் ஒலிக்கும். பல வாத்தியக்காரர்கள் உட்கார்ந்து வாசிப்பது போல இருக்கும்!

அந்தப் பெட்டி வாசித்த இசையில் மொஸார்ட்டின் பாட்டுகளும் உண்டு. "டான் ஜியோவன்னி" என்ற அவருடைய இசை நாடகத்தில் ஸெர்லீனா என்று ஒரு கிராமத்துப் பெண் வருகிறாள். அடிபட்டு வலியால் துடிக்கும் தன் மாப்பிள்ளையை அவள் தேற்றுவதாக ஓர் இனிய பாட்டு இருக்கிறது. சிறுவன் பீட்டர் அந்தப் பாட்டில் சொக்கிப்போனான்.

ஐந்து வயது வாக்கில் அவன் பியானோ முன்னால் ஏறி உட்கார்ந்தான். பெட்டியில் கேட்ட பாட்டை, தன் சின்ன விரல்களால் தானே தேடித் தேடி வாசித்துக் காட்டினான். பெற்றோர் வியந்து போனார்கள்.

கண்ணாடிப் பிள்ளை

பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல ஃபானி என்ற இளம் ஆசிரியை 1844-ல் வந்து சேர்ந்தார். பிரான்சு நாட்டவர். பீட்டரைக் கண்ணாடியால் செய்த பிள்ளை என்றே அவர் சொல்லுவார். ஒரு கடுஞ்சொல் பட்டாலும் அவன் மனம் உடைந்துவிடும்!

இசை கேட்டாலும் அப்படித்தான். ஒரு நாள் இரவு வீட்டில் விருந்து. பாட்டும் வாத்தியமும் அமர்க்களப்பட்டன. பிறகு ஃபானி போய்ப் பார்த்தபோது, பீட்டர் படுக்கையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். இசை தன் தலைக்குள்ளேயே இருக்கிறது, போகமாட்டேன் என்கிறது என்று முறையிட்டான்.

இன்னொரு நாள், மனத்தில் ஓடிய இசைக்கு ஏற்ப ஜன்னல் கண்ணாடியில் விரலால் தாளம் போட்டான். தாளம் வேகம் பிடித்தது. கண்ணாடி உடைந்து, கையில் காயம்! அதன் பிறகே அவனுக்குப் பியானோ கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியையை அமர்த்தினார்கள்.

வீட்டுக்குள் மொஸார்ட். வீட்டுக்கு வெளியே குடியானவர்களின் நாட்டுப்பாடல். இந்த இரண்டும் சிறுவனின் காதில் சேர்ந்து புகுந்தன. இரண்டுமே கடைசி வரை அவரை விடவில்லை.

தாயின் பிரிவு

1848-ல் தந்தை ஆலை வேலையை விட்டார். குடும்பம் வோட்கின்ஸ்க்கை விட்டுக் கிளம்பியது. ஃபானியும் பிரிந்து போனார்.

பீட்டருக்கு 10 வயது ஆனபோது, செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் சட்டப் பள்ளியில் சேர்த்தார்கள். தாயார் அவனை விட்டுவிட்டு ஊர் திரும்பவேண்டிய நாள் வந்தது. அவன் வண்டியைப் பற்றிக்கொண்டு கதறினான். கையைப் பிரித்து எடுத்தார்கள். ஓடத் தொடங்கிய வண்டியின் பின்னாலேயே ஓடினான். வண்டி நிற்கவில்லை. அந்த நாளை அவர் வாழ்நாளெல்லாம் மறக்கவில்லை.

நான்கு ஆண்டுகள் கழித்து அதைவிடப் பெரிய இடி விழுந்தது. 1854-ல் தாயார் காலராவுக்குப் பலியானார். அப்போது பீட்டருக்கு வயது 14.

பாட்டுப் பெட்டி இருந்த வீடு போயிற்று. பாடிக் காட்டிய தாயும் போய்விட்டார். கேட்ட இசை மட்டும் மனத்தில் நின்றது.

16 வயது வாக்கில் "டான் ஜியோவன்னி" நாடகத்தின் இசை முழுவதையும் அவர் அறிந்தார். ஐந்து வயதில் துண்டாகக் கேட்டது, இப்போது முழுதாகக் கிடைத்தது! தான் இசைக்கே வாழ்வை அர்ப்பணித்ததற்கு மொஸார்ட்தான் காரணம் என்று பிற்காலத்தில் அவரே எழுதினார்.

உத்தியோகத்தை உதறினார்

சட்டப் படிப்பு முடிந்தது. 1859-ல் நீதி இலாகாவில் குமாஸ்தா வேலை கிடைத்தது. மனமோ இசையில் கிடந்தது.

1862-ல் தலைநகரில் இசைக் கல்லூரி திறந்தார்கள். உடனே அதில் சேர்ந்தார். மறு ஆண்டு சர்க்கார் உத்தியோகத்தையே விட்டுவிட்டார். தந்தை தடுக்கவில்லை. 1866-ல் மாஸ்கோவுக்குப் போய் இசை ஆசிரியர் ஆனார்.

பிள்ளைப் பிராயத்தில் கேட்ட நாட்டுப்பாடல் அவருக்குக் கை கொடுத்தது. 1869-ல் கமென்கா என்ற ஊரில், தங்கையின் புகுந்த வீட்டில் தங்கியிருந்தார். அங்கே வேலை செய்துகொண்டே ஒரு தொழிலாளி பாடிய பாட்டு அவர் காதில் விழுந்தது. அதை எழுதி வைத்துக்கொண்டார். 1871-ல் நான்கு தந்தி வாத்தியங்களுக்காக அமைத்த தம் இசையில் அந்த மெட்டைச் சேர்த்தார். 1876-ல் மாஸ்கோவில் அதைக் கேட்ட எழுத்தாளர் டால்ஸ்டாய் கண்ணீர் விட்டார்!

சீமாட்டியுடன் வாதம்

அந்த 1876-ம் ஆண்டில்தான் மெக் சீமாட்டி என்ற பணக்கார விதவையின் நட்பு கடிதம் மூலம் ஏற்பட்டது. அவர் ஆண்டுக்கு 6,000 ரூபிள் பண உதவி செய்தார். ஒருவரை ஒருவர் சந்திப்பதில்லை என்று ஓர் ஏற்பாடு! 1890 வரை கடிதங்கள் மட்டுமே போய் வந்தன.

அந்தச் சீமாட்டிக்கு மொஸார்ட்டைப் பிடிக்காது. அதைச் சைக்கோவ்ஸ்கிக்கு மறைக்காமல் எழுதினார்.

படி அளக்கும் கை அது. ஆமாம் என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டுப் போயிருக்கலாம். சைக்கோவ்ஸ்கி அப்படிச் செய்யவில்லை. மொஸார்ட்டை ஆதரித்து 1878-ல் நீண்ட பதில் எழுதினார்.

அப்போது அவர் மனம் நொந்து கிடந்த காலம். 1877-ல் செய்துகொண்ட திருமணம் மூன்று மாதம்கூட நிலைக்கவில்லை. தம்மைப் போல மனம் சிதைந்தவனுக்கு, மொஸார்ட்டின் ஆரோக்கியமான இசையில்தான் ஆறுதல் கிடைக்கிறது என்று சீமாட்டிக்கு விளக்கினார்.

திறக்காத கதவுகள்

இந்தப் பற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு.

வாக்னர் என்ற ஜெர்மானிய மேதை நான்கு நாட்கள் நடக்கும் பெரிய இசை நாடகம் ஒன்றை அமைத்தார். 1876-ல் ஜெர்மனியில் அது அரங்கேறியபோது, ஐரோப்பாவே திரண்டு போயிற்று. சைக்கோவ்ஸ்கியும் பத்திரிகை நிருபராகப் போனார். அது பெரிய சாதனை என்று ஒப்புக்கொண்டார். ஆனால் அவருக்கு அலுப்புத்தான் மிஞ்சியது. கடைசி நாள் முடிந்ததும், சிறையில் இருந்து விடுதலை ஆனது போல உணர்ந்தார்.

பிராம்ஸ் என்ற இன்னொரு மேதையை 1888-ல் நேரில் சந்தித்தார். மனிதரைப் பிடித்தது. இசை பிடிக்கவில்லை. பீத்தோவன் மீதோ பயபக்தி மட்டுமே இருந்தது, அன்பு பிறக்கவில்லை.

சிறு வயதில் குடிபுகுந்த இசை, புதிதாக வந்தவர்களுக்கு எளிதில் இடம் கொடுக்கவில்லை. உலகமே போற்றிய இசை அவருடைய வாசலோடு நின்றுவிட்டது.

கையெழுத்துப் பிரதி

மொஸார்ட்டுக்குத் தம்மால் ஆன தொண்டு செய்ய அவர் தவறவில்லை. "பிகாரோவின் திருமணம்" என்ற மொஸார்ட்டின் இசை நாடகத்தை 1875-ல் ருஷிய மொழியில் பெயர்த்தார். மறு ஆண்டு மாஸ்கோ கல்லூரி மாணவர்கள் அதை நடித்தார்கள்.

1886-ல் பாரீஸ் போயிருந்தார். அங்கே வியார்டோ என்ற புகழ்பெற்ற பாடகி இருந்தார். "டான் ஜியோவன்னி"யை மொஸார்ட் தம் கையாலேயே எழுதிய பிரதி அவரிடம் இருந்தது. அந்தத் தாள்களைத் தொட்டுப் பார்க்கும் பாக்கியம் சைக்கோவ்ஸ்கிக்குக் கிடைத்தது. மொஸார்ட்டின் கையைப் பிடித்துக் குலுக்கியது போல இருந்ததாம்!

1887-ம் ஆண்டு "டான் ஜியோவன்னி" அரங்கேறிய நூறாவது ஆண்டு. அதைக் கொண்டாட, பலருக்கும் தெரியாத மொஸார்ட்டின் சிறு இசைகளைப் பெரிய வாத்தியக் குழுவுக்காக அமைத்தார். "மொஸார்ட்டியானா" என்று பெயர் இட்டார். மாஸ்கோவில் தாமே முன்னின்று நடத்தினார்.

ஃபானியின் வீட்டில்

சைக்கோவ்ஸ்கியின் புகழ் ஐரோப்பா, அமெரிக்கா எங்கும் பரவியது. ஒரு நாள் அவருக்கு ஒரு செய்தி எட்டியது. பழைய ஆசிரியை ஃபானி இன்னும் உயிரோடு இருக்கிறார்!

1893-ம் ஆண்டு பிறந்த சமயத்தில், பிரான்சில் மோன்பெலியார் என்ற சிற்றூருக்குப் போனார். 44 ஆண்டுகளுக்குப் பின் சந்திப்பு. ஃபானிக்கு வயது 70. சைக்கோவ்ஸ்கிக்குத் தலை நரைத்துவிட்டது.

பீட்டர் சிறுவனாக எழுதிய நோட்டுப் புத்தகங்களை அந்த அம்மையார் பத்திரமாக வைத்திருந்தார். தாயார் எழுதிய கடிதம் ஒன்றும் இருந்தது. அதைப் படித்தபோது, வோட்கின்ஸ்க் வீட்டுக்கே திரும்பிவிட்டது போல சைக்கோவ்ஸ்கி உணர்ந்தார். தாயின் குரல் காதில் கேட்பது போல இருந்தது.

ஊர் திரும்பினார். அந்த மார்ச் மாதம், மொஸார்ட்டின் பியானோ இசை ஒன்றை எடுத்தார். அதற்குத் தாமே ருஷிய மொழியில் வரிகள் எழுதி, நான்கு பேர் சேர்ந்து பாடும் பாட்டாக ஆக்கினார். "இரவு" என்பது அதன் பெயர். அக்டோபரில் மாஸ்கோ கல்லூரியில் மாணவர்கள் பாட, உட்கார்ந்து கேட்டார்.

சில நாட்களில் தலைநகருக்குப் போய்த் தம் ஆறாவது பேரிசையை அரங்கேற்றினார். அடுத்த வாரமே காலரா கண்டது. தாயைக் கொண்டு போன அதே நோய்! 1893 நவம்பர் 6-ந் தேதி சைக்கோவ்ஸ்கி மறைந்தார். அவருக்கு வயது 53.

மனநூல் அறிஞர்கள் இந்த விஷயத்தை ஆராய்ந்திருக்கிறார்கள். பத்து வயதில் இருந்து இருபது, இருபத்தைந்து வயது வரை கேட்கும் பாட்டுகளே மனத்தில் ஆழமாகப் பதிகின்றன என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். பெற்றோர் ஆசையோடு கேட்ட பழைய பாட்டுகளும் பிள்ளைகளின் மனத்தில் தங்கிவிடுகின்றனவாம். வீட்டில் பெரியவர்கள் தங்களுக்காகக் கேட்கும் பாட்டை, ஒரு மூலையில் விளையாடும் குழந்தையும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது.

வோட்கின்ஸ்க் ஆலை அதிகாரி தம் வீட்டாரின் பொழுதுபோக்குக்காக ஒரு மரப்பெட்டியை வாங்கி வந்தார். தம் மகனுக்கு ஆயுள் முழுவதற்கும் ஆறுதலை வாங்கி வந்திருக்கிறோம் என்பது அன்று அவருக்குத் தெரியாது.