செம்புலிங்கம் வரலாறும் அதைப் பாடுவோரும்

ஜம்புலிங்கம் என்பது திருவானைக்காவில் வெண்ணாவல் மரத்தடியில் எழுந்தருளியிருக்கும் இறைவனை நினைந்து பிள்ளைகளுக்கு இடும் பெயர். நெல்லைச் சீமையில் அப்பெயர் தாங்கிய ஒருவரை மக்கள் செம்புலிங்கம் என்றே அழைத்தனர். வடமொழி ஒலி தமிழ் நாவில் சற்றே நெகிழ்ந்தது. அந்த நெகிழ்ச்சியில் செம்புலி ஒன்று பெயருக்குள் வந்து படுத்துக்கொண்டது. திட்டமிட்டு எந்தப் புலவரும் இப்படி ஒரு பெயரைச் செய்திருக்க முடியாது. அவர் 1923ஆம் ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். நூறாண்டு கடந்தும் நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கங்களில் அப்பெயர் மறையவில்லை.

சிவகாசியிலிருந்து வெளிவரும் மலரில் நெல்லைக் கொள்ளையருக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்படும்வரை நம் ஊரும் திருநெல்வேலி மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. செம்புலிங்கத்தின் ஊராரும் நம் முன்னோரும் ஒரே கலெக்டருக்கு மனு எழுதியவர்கள். ஒரே காவல்துறைக்கு அஞ்சியவர்கள். 1899 ஜூன் கலவரத்துக்குப் பின் இங்கே நிறுத்தப்பட்ட தண்டக் காவற்படையின் செலவை ஊர் மக்களே வரியாகச் செலுத்த நேர்ந்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும். காவல் என்ற சொல்லுக்கு நம் பகுதியில் இருந்த பொருளை அறியாமல் செம்புலிங்கத்தின் வரலாற்றைப் படித்தால் அது வெறும் சாகசக் கதையாகிவிடும்.

ஆகவே சற்றுப் பின்னே செல்வோம். 1855இல் சென்னை மாகாணத்தில் நடைபெறும் சித்திரவதைகளை ஆராய ஓர் ஆணையம் அமர்ந்தது. எலியட், ஸ்டோக்ஸ், நார்ட்டன் ஆகிய மூவர் அதன் உறுப்பினர். குறுகிய காலத்துக்குள் 1,959 முறையீடுகள் வந்து குவிந்தன. பல நாள் நடந்து நேரில் வந்து சொன்னவர்களும் அவர்களுள் அடக்கம். விரல்களையும் கைகளையும் இரு கட்டைகளுக்கிடையே வைத்து நெரிக்கும் கிட்டி, கழுத்தையும் கால் விரல்களையும் ஒரே கயிற்றால் பிணைத்து வெயிலில் நிறுத்தும் அண்ணாந்தாள், கண்ணிலிடும் மிளகாய்ப்பொடி என்று அவ்வறிக்கை அடுக்கும் கொடுமைகளை இங்கே விரிக்க வேண்டுவதில்லை. ஆங்கிலத்தில் அச்சான அரசாங்க அறிக்கையில் கிட்டியும் அண்ணாந்தாளும் தமிழ்ச் சொற்களாகவே இடம்பெற்றன என்பதை மட்டும் சொல்லாதிருக்க முடியவில்லை. நம் மொழி அயலார் ஏட்டில் ஏறிய வழிகளுள் இதுவும் ஒன்று.

அக்காலத்தில் வரி வசூலிப்பவரும் திருடனைப் பிடிப்பவரும் ஒரே ஆளாயிருந்தார். அந்தச் சேர்க்கையே கொடுமைக்கு வேர் என்று கருதப்பட்டதால், 1859ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே காவல்துறை வருவாய்த்துறையினின்று பிரிக்கப்பட்டுத் தனித்துறையாயிற்று. 1872இல் வந்த சாட்சியச் சட்டம், காவலரிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்றது. ஆனால் 27ஆம் பிரிவில் ஒரு சிறு கதவைத் திறந்து வைத்தது. கைதி கூறியதைக் கொண்டு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்த அளவுக்கு அவன் கூற்று செல்லும். பொருளைக் காட்டும்வரை அடிப்பதற்கு இதைவிட வேறு தூண்டுதல் வேண்டுமோ? 1902இல் அமர்ந்த பிரேசர் ஆணையம் இந்தியா முழுதும் சுற்றிவந்து, காவல்துறை ஊழல் மலிந்தது, மக்களை ஒடுக்குவது என்று ஒளிவு மறைவின்றி எழுதிற்று. கீழ்நிலைக் காவலரின் ஊதியம் மிகச் சொற்பமென்பதையும் அவ்வறிக்கை மறைக்கவில்லை.

சட்டத்துக்கு வெளியே வேறொரு பழக்கமும் இருந்தது. களவுபோன மாட்டை மீட்கத் துப்புக்கூலி கொடுப்பர். கொடுத்தவனுக்கு மாடு எங்கோ ஒரு புளியமரத்தடியில் கட்டிக்கிடக்கும். களவாடியவன், துப்புச் சொன்னவன், கண்டும் காணாதிருந்த காவலர் ஆகியோருக்கிடையே அந்தக் கூலி எவ்வாறு பங்காயிற்று என்பதை ஊரார் அறிவர், பதிவேடு அறியாது. இதற்கு மேல், பழங்குற்றவாளிகளின் பெயர்களைக் காவல் நிலையத்தில் எழுதிவைத்தனர். ஆங்கிலத்தில் அவர்களைக் குறித்த இரண்டு எழுத்துகளே தமிழில் கேடி என்ற சொல்லாயின. கேடு செய்பவன் கேடி என்று நம் காதில் அது இயல்பாக ஒலிப்பதால், அயற்சொல் என்ற எண்ணமே எழுவதில்லை. ஒருமுறை அந்த ஏட்டில் பெயர் ஏறியவன் வட்டாரத்தில் எது களவுபோனாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டவன்.

இந்த உலகில்தான் செம்புலிங்கம் வளர்ந்தார். நாடார் குலத்தவர், உடல் வலிமையில் பேர்பெற்றவர், மனைவி மக்களோடு வாழ்ந்தவர். அவர் செய்யாத குற்றத்தை அவர்மேல் சுமத்தினர் என்பதும், பகைவர் பணமும் காவலர் பேராசையும் கைகோத்தன என்பதும், அதற்கு அஞ்சியே அவர் தலைமறைவானார் என்பதும் ஏமி கார்மைக்கேல் அம்மையார் எழுதிய வரலாற்றின் சாரம். மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரக் காடுகள் அவருக்குப் புகலிடமாயின. காசி என்ற தோழர் அவருடன் சேர்ந்தார். ஒளிந்து வாழ்பவன் உண்ண வேண்டும். கேட்டுக் கிடைக்காதபோது பறிக்க வேண்டும். குற்றம் செய்யாமல் குற்றவாளியானவர் இவ்வாறு குற்றத்தைச் செய்து அதை மெய்யாக்கினார். செல்வரிடம் எடுத்தார், ஏழைக்குக் கொடுத்தார் என்ற புகழ் வெகு விரைவில் பரவிற்று. அவர் பெயரைச் சொல்லி வேறு பலரும் கொள்ளையிட, அவையெல்லாம் அவர் கணக்கிலேயே எழுதப்பட்டன என்று அம்மையார் கூறுகிறார்.

அவ்வம்மையார் அயர்லாந்தில் 1867இல் பிறந்து, கோயிலுக்குப் பொட்டுக்கட்ட விடப்படவிருந்த சிறுமியரைக் காக்கும் இல்லத்தை டோனாவூரில் நடத்தியவர். 1921இல் காட்டுப்பகுதியில் அவர் சென்றுகொண்டிருந்தபோது செம்புலிங்கம் எதிர்ப்பட்டார். கொள்ளையடிக்கப்படுவோம் என்று அஞ்சத்தக்க வேளையில் அவர்களுக்கிடையே நிகழ்ந்தது உரையாடல். தன் பிள்ளைகளைக் காக்க வேண்டும் என்ற தந்தையின் கவலையே அதில் மேலோங்கிற்று. பின்னர் அப்பிள்ளைகள் டோனாவூர் இல்லத்தில் சேர்ந்தனர். சரணடைந்து சட்டத்தைச் சந்திக்குமாறு அம்மையார் வற்புறுத்தினார். சட்டம் எவர் கையில் இருக்கிறது என்பதை அறிந்தவர் அவ்வளவு எளிதில் இசைவாரா?

சில காலத்துக்குப்பின் அவர் பிடிபட்டுப் பாளையங்கோட்டையில் சிறையிடப்பட்டார். சிறையிலேயே கிறித்தவ சமயம் தழுவினார். அம்மையாரின் நூலில் இப்பகுதி மிக விரிவாக இடம்பெறுகிறது. அவர் நோக்கத்துக்கு அது இயல்பு. அதன்பின் நிகழ்ந்தது அந்நோக்கத்துக்கு இடையூறானது. செம்புலிங்கம் சிறையிலிருந்து தப்பினார். சமயம் மாறியவர் திரும்பவும் காட்டுக்கே ஓடியது அம்மையாருக்குப் பெரும் துயரம். அவர் அதை மூடி மறைக்கவில்லை என்பது நூலின் பெருமை. மாறுவேடம் பூண்டு, இரவில் சென்று, தேடப்படும் ஒருவரைச் சந்தித்து மீண்டும் சரணடையச் சொல்லியிருக்கிறார். ஐம்பது வயதைக் கடந்த வெள்ளைக்காரப் பெண்மணி ஒருவர் இதைச் செய்தாரென்றால், அன்றைய காவல்துறையின் நேர்மையில் அவர் கொண்டிருந்த நம்பிக்கை எவ்வளவு என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

1923 செப்டம்பரில் முடிவு வந்தது. இருக்குமிடம் காட்டிக்கொடுக்கப்பட்டது. காவற்படை சூழ்ந்தது. செம்புலிங்கமும் காசியும் உயிரிழந்தனர். அரசின் ஏட்டில் அது நெடுநாள் தேடப்பட்ட கொள்ளைக்காரன் ஒருவனின் கணக்குத் தீர்ந்த நாள். அம்மையாரின் நூலில் அது எதிர்த்துச் சுடாதவர் ஒருவரின் சாவு. சில ஆண்டு கழித்து அந்நூல் ராஜ் என்ற புனைபெயரைச் செம்புலிங்கத்துக்குச் சூட்டி இலண்டனில் வெளிவந்தது. துன்புறுத்தலே அவரைக் கொள்ளைக்குத் துரத்திற்று என்பதை நீண்ட துணைத்தலைப்பிலேயே அது அறிவித்துவிட்டது. சித்திரவதை என்ற சொல்லும் அத்தலைப்பில் உண்டு. இன்றைய மர்மநாவல் அட்டைக்கு அது குறைந்ததன்று.

தமிழில் அவர் வாழ்ந்தது கதைப்பாடலில். நெல்லை, குமரி வட்டாரங்களில் கட்டபொம்மனும் கான்சாகிபும் பாடப்பட்ட அதே மெட்டுகளின் உலகில் ஜம்புலிங்கம் கதையும் இடம்பெற்றது. 1969இல் எரிக் ஹாப்ஸ்பாம் என்ற வரலாற்றறிஞர் இத்தகையோரைச் சமூகக் கொள்ளையர் எனப் பெயரிட்டு உலகெங்குமிருந்து தொகுத்துக் காட்டினார். அநீதியால் வெளியேறுதல், எளியோர்க்கு உதவுதல், காட்டிக்கொடுக்கப்பட்டு மாளுதல் என்று அவர் வரைந்த கோட்டில் நம் செம்புலிங்கம் அப்படியே பொருந்துகிறார். பொருத்தம் இவ்வளவு சரியாக இருப்பதே எனக்கு ஓர் ஐயத்தைத் தருகிறது. ஒரு மனிதரின் வாழ்வு இத்துணை ஒழுங்காக இராது. பாடுவோர் தேய்த்து மெருகேற்றியதும் இதில் கலந்திருக்க வேண்டும்.

கொள்ளையிடப்பட்ட வீடுகளை எண்ணிப் பாருங்கள். நள்ளிரவில் கதவு உடைபடும் ஓசை, காதிலிருந்து கழற்றப்படும் தோடு, மூலையில் விழித்திருக்கும் குழந்தை. செல்வர் வீடு என்பதால் அச்சம் குறைந்திருக்குமா? சமயத்தைப் பரப்ப எழுதிய நூலில் பாவமன்னிப்பு உண்டு. வீரத்தைப் பாடும் கதைக்கு வாரிக் கொடுக்கும் கை வேண்டும். கதவு உடைபட்ட வீட்டாருக்கு இரண்டிலும் இடம் குறைவு. மறுபுறம், காவலரின் கொடுமையைச் சொல்லாமல் கொள்ளையை மட்டும் சொல்வது அரசின் ஏடு. மூன்றையும் ஒருசேரத் தாங்கும் பாடல் இன்னும் எழுதப்படவில்லை என்பது என் துணிபு. நம் வட்டத்துக் கவிஞர்கள் இதை மறுத்துரைத்தால் மகிழ்வேன்.

காவல்துறையின் ஊழலைச் சொல்லும் விறுவிறுப்பான படங்கள் இந்நாளில் பல வருகின்றன. அவற்றில் வன்முறை மிகுதி, பெண்டிரும் பிள்ளைகளும் பார்க்கத் தகாதவை என்ற குறை அடிக்கடி எழுகிறது. குறையில் நியாயமுண்டு, ஆனால் அளவு அன்று அளவுகோல். 2015இல் வெனிஸ் விழாவில் திரையிடப்பட்ட விசாரணை, சந்திரகுமார் தம் சிறையனுபவத்தை எழுதிய லாக்கப் என்ற நூலைக் கொண்டு எடுக்கப்பட்டது. அதில் விழும் அடியைப் பார்க்கையில் நம் உடல் அடிவாங்குபவன் பக்கம் சாய்கிறது. கைதியைத் தலைகீழாகத் தொங்கவிட்டு உதைக்கும் நேர்மையான அதிகாரிக்குத் திரையரங்கில் எழும் கைதட்டலோ அடிப்பவன் பக்கம் சாய்ந்தது. இரத்தம் குறைவாகக் காட்டப்படும் இரண்டாவது வகையைக் குழந்தைகளோடு அமர்ந்து பார்க்கிறோம். 1855இல் நடந்துவந்து முறையிட்டவர்கள் அந்தக் கைதட்டலைக் கேட்டால் என்ன நினைப்பார்கள்?

டோனாவூரிலிருந்து கிழக்கே கடலை நோக்கிச் சென்றால் சாத்தான்குளம் வரும். செம்புலிங்கம் வாழ்ந்த நாளில் அதுவும் திருநெல்வேலி மாவட்டமே. தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986இல். 2020 ஜூன் மாதம், ஊரடங்கு நேரத்தில் கடையைத் திறந்து வைத்திருந்தனர் என்ற வழக்கில் ஒரு தந்தையும் மகனும் அங்குள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அங்கே பட்ட காயங்களால் சில நாள்களுக்குள் மாண்டனர். விசாரிக்கச் சென்ற நடுவருக்கு நிலையத்தில் ஒத்துழைப்பு கிடைக்கவில்லை. உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அக்காவல் நிலையத்தை வருவாய்த்துறையின் பொறுப்பில் ஒப்படைக்குமாறு ஆணையிட்டது. காவலை வருவாய்த்துறையினின்று பிரித்தால் கொடுமை நீங்கும் என்று நம்பிச் செய்த 1859ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப்பின் 161 ஆண்டு கழிந்திருந்தது. அந்த நிலையத்தில் பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர், இரவெல்லாம் அடித்தார்கள் என்றும் லத்திகளிலும் மேசையிலும் இரத்தக்கறை இருந்தது என்றும் நடுவரிடம் சாட்சி சொன்னார்.