சிலையாக நின்ற சிறுவர்கள்

சில பிள்ளைகளால் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்க முடியாது. ஆசிரியர் கரும்பலகையைக் காட்டினால் ஜன்னலைப் பார்ப்பார்கள். படித்தது மனதில் நிற்காது. மக்கு என்று பெயர் சூட்டி, மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்காக வாதாடியவர் ஆல்பிரட் பினே. பிரான்சு நாட்டு மனநூல் அறிஞர்.

1857-ம் ஆண்டு நீஸ் நகரில் பிறந்தார். சட்டம் படித்தவர், பிறகு மனநூல் பக்கம் திரும்பினார். தம் 2 பெண் குழந்தைகளிடமே சிறு சிறு சோதனைகள் செய்து, அவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று குறித்துவைத்தார்.

மாணவராக இருந்தபோது ஒரு தேர்வாளர், தத்துவ அறிவு அவருக்கு ஒருநாளும் வராது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அந்தச் சொல் முள்ளாகத் தைத்தது. 50 வயதைத் தாண்டி எழுதிய நூலிலும் பினே அதை மறக்கவில்லை!

பாடத்தில் பின்தங்கும் பிள்ளைகளைக் கண்டறிய, 1905-ல் டாக்டர் சிமோனுடன் சேர்ந்து ஒரு சோதனை வகுத்தார். உலகப் புகழ் வந்தது.

கண்டறிந்தால் போதுமா? வளைந்த காலைப் பயிற்சியால் நிமிர்த்துகிறார்களே, மனதுக்கும் பயிற்சி தரலாமே என்று பினே எண்ணினார்.

முதலில் சிலை விளையாட்டு. ஆசிரியர் சைகை காட்டியதும், இருந்தது இருந்தபடியே அசையாமல் நிற்கவேண்டும். சில விநாடிதான். முதலில் ஒரே சிரிப்பு, கூச்சல்! பிறகு ரோசம் பிறந்தது. யார் அதிக நேரம் நிற்பது என்று போட்டி. ஆசிரியர் கைவிட்ட முரட்டுப் பையன்கூட அடங்கி நின்றான்.

அடுத்து, பல பொருள்கள் உள்ள அட்டையை 5 விநாடி காட்டி மறைப்பார்கள். பார்த்தவற்றை நினைவிலிருந்து எழுதவேண்டும். பழகப் பழக, 9 பொருள்வரை எழுதிய பிள்ளைகள் உண்டு. வகுப்பைப் பார்க்க வந்த பாராளுமன்ற உறுப்பினர்கள் தாங்களும் முயன்றார்கள். பிள்ளைகளிடம் தோற்றார்கள்! வகுப்பில் சிரிப்பு அடங்கவில்லை. பெரியவர்கள் அறிவில் குறைந்தவர்கள் அல்ல. பிள்ளைகளுக்குப் பழக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

1911-ல், 54-வது வயதில் பினே காலமானார்.

பிறகு நடந்ததுதான் கொடுமை. அமெரிக்காவில் சிலர் அவருடைய சோதனையைத் தலையெழுத்துப்போல் ஆக்கிவிட்டார்கள். இவ்வளவுதான் புத்தி, இனிமேல் வளராது என்று பிள்ளைகளை ஒதுக்கினார்கள். 1909-ல் வெளிவந்த நூலில் பினே கண்டித்தது இதே எண்ணத்தைத்தான்.